வரைபடத்தில் எழுந்தருளிய சென்னகேசவர்

காஞ்சிபுரத்து உலகளந்த பெருமாள் சந்நிதியில் நிற்கும் அன்பர்கள், ஓரடியால் மண்ணையும் மற்றோரடியால் விண்ணையும் அளந்த அந்தப் பெரிய திருமேனியை அண்ணாந்து நோக்கி மெய்ம்மறப்பார்கள். அப்பெருமானின் திருநாமத்தையே நம் முன்னோர் நிலம் அளக்கும் கோலுக்கும் சூட்டினர். சோழர் காலத்தில் வழங்கிய 16 சாண் கோலுக்கு 'உலகளந்த கோல்' என்று பெயர். மாமன்னன் இராஜராஜன் காலத்தில், ஏறத்தாழ கி.பி. 1001-ஆம் ஆண்டில், சோழநாட்டு நிலங்கள் முறையாக அளக்கப்பட்டன. அளவுகோலைக் கோயில் சுவரிலேயே பொறித்து வைத்த ஊர்களும் உண்டு. நிலத்தை அளப்பது தெய்வ சாட்சியாகச் செய்யவேண்டிய காரியம் என்பது அவர்கள் கருத்து.

அளந்ததைக் கல்லிலும் ஓலையிலும் எழுதி வைத்தது நம் நாட்டு மரபு. அளந்ததைத் தாளில் படமாக வரைந்து வைக்கும் வழக்கம், கடல் கடந்து வணிகம் செய்ய வந்தவர்களோடு நம் துறைமுகப் பட்டினங்களில் பரவியது. அவர்கள் வரைந்தது தங்கள் கோட்டைக்காகவும் வாணிகத்துக்காகவும்தான். ஆனால் அந்தத் தாள்களில் நம் கோயில்களும் இடம்பெற்றன. இன்று அவற்றை விரித்துப் பார்ப்பவர்களுக்கு, மறைந்துபோன ஒரு திருக்கோயிலின் வரலாறும், அது மீண்டும் எழுந்த அதிசயமும் கண்ணுக்குப் புலனாகின்றன. சென்னப்பட்டினத்தின் சென்னகேசவப் பெருமாள் கோயில் வரலாறே அது.

பட்டினம் பிறந்த கதை

1639-ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம், கிழக்கிந்தியக் கம்பெனியின் பிரான்சிஸ் டே, தாமர்ல வேங்கடாத்ரி நாயக்கரிடமிருந்து கடற்கரையோரமாக ஒரு மணல்வெளியைப் பெற்றார். பேச்சுவார்த்தைக்குத் துணை நின்றவர் பேரி திம்மண்ணா என்ற துபாஷி. மறு ஆண்டு கோட்டை எழுந்தது. நாயக்கரின் தந்தையார் சென்னப்ப நாயக்கரின் பெயரால் ஊர் சென்னப்பட்டினம் ஆயிற்று என்பர். சென்னகேசவப் பெருமாளின் திருநாமமே ஊருக்கு வந்தது என்று கொள்வாரும் உண்டு.

கோட்டைக்கு வடக்கே நெசவாளரும் சாயமிடுவோரும் வணிகரும் குடியேறினர். குடியேறிய சில ஆண்டுகளுக்குள் அங்கே கோயில் வந்துவிட்டது. 1646-ஆம் ஆண்டில், கம்பெனிக்கு வெடிமருந்து செய்துகொடுத்த நாகபட்டன் என்பவர் சென்னகேசவப் பெருமாளுக்கு நிலதானம் செய்தார். 1648-இல் பேரி திம்மண்ணாவும் கோயிலுக்கு மானியம் எழுதி வைத்தார். ஊர் உண்டாகிப் பத்து ஆண்டு நிரம்பவில்லை. அதற்குள் பெருமாளுக்குச் சொத்தும் சாசனமும் அமைந்துவிட்டன. கோயில் இல்லாத ஊரில் குடியிருக்க வேண்டாம் என்பதை வேதவாக்காகக் கொண்டவர்கள் அந்த மக்கள்.

பிட் துரையின் வரைபடம்

1698 முதல் 1709 வரை சென்னையின் கவர்னராக இருந்தவர் தாமஸ் பிட். அவருடைய ஆணைப்படி நகரம் அளக்கப்பட்டு, 1710-ஆம் ஆண்டையொட்டி ஒரு வரைபடம் வெளிவந்தது. சென்னையின் பழைய வரைபடங்களுள் மிகவும் புகழ்பெற்றது இதுவே.

அதில் கிழக்கே கடல், கோட்டைச் சுவரைத் தொட்டும் தொடாமலும் அலைவீசுகிறது. கோட்டைக்குள் ஐரோப்பியர் வாழ்ந்த வெள்ளையர் பட்டினம். அதன் வடக்குச் சுவரை ஒட்டி, வலை விரித்தாற்போல் குறுக்கும் நெடுக்கும் தெருக்கள் ஓடும் கறுப்பர் பட்டினம். அதற்கும் அப்பால் முத்தியாலுப்பேட்டையும் பெத்தநாயக்கன்பேட்டையும் காட்டப்பட்டுள்ளன. கறுப்பர் பட்டினத்தின் நடுவே 'பெரிய பகோடா' என்ற குறிப்புடன் ஒரு கோயில் தெரிகிறது. அதுதான் சென்னகேசவப் பெருமாளின் ஆதி சந்நிதி.

'பகோடா' என்ற சொல்லைப் பற்றி ஒரு வார்த்தை. அக்கால ஐரோப்பியர் நம் கோயிலையும் 'பகோடா' என்றே அழைத்தனர். நம் வராகன் என்னும் பொன் நாணயத்தையும் 'பகோடா' என்றே அழைத்தனர். ஆகவே பழைய ஆவணங்களைப் படிப்பவர், எந்த இடத்தில் கோயில், எந்த இடத்தில் காசு என்று இடம் நோக்கிப் பொருள் கொள்ளவேண்டும்.

அதே வரைபடத்தில், பெத்தநாயக்கன்பேட்டைப் பகுதியில் ஆளங்காத்த பிள்ளை என்பவரின் பெயரால் இன்னொரு கோயில் குறிக்கப்பட்டுள்ளது. இன்று தங்கசாலைத் தெருவில் விளங்கும் ஏகாம்பரேசுவரர் கோயில் அது. காஞ்சி ஏகாம்பரநாதரின் திருநாமம், 300 ஆண்டுகளுக்கு முன்பே துறைமுகப் பட்டினத்தின் வணிகத் தெருவுக்கு வந்து சேர்ந்துவிட்டது. கம்பெனியின் கப்பல்களில் ஏறிய துணிக்காகக் காஞ்சிச் சீமைக்கும் கடற்கரைக்கும் இடையே வண்டிகள் ஓயாமல் சென்று வந்த காலம் அது. வண்டியோடு வழிபாடும் சென்றது.

இடிக்கப்பட்ட சந்நிதி

1746-ஆம் ஆண்டு பிரெஞ்சுத் தளபதி லா பூர்தொனே சென்னையைப் பிடித்தார். 1749-இல் நகரம் ஆங்கிலேயருக்குத் திரும்பி வருவதற்குள், கோட்டையை ஒட்டியிருந்த கறுப்பர் பட்டினத்தின் ஒரு பகுதியைப் பிரெஞ்சுக்காரர் இடித்துவிட்டனர். எதிரி வீட்டுச் சுவர்களின் மறைவில் ஒளிந்து கோட்டையை நெருங்கிவிடக்கூடாது என்பதே காரணம். 1755-இல் கான்ராடி என்பவர் வரைந்த வரைபடம், இந்த இடிபாட்டுக்குப் பின் நகரம் இருந்த நிலையைக் காட்டுகிறது.

மீண்டும் போர் மூளும் என்ற அச்சம் ஆங்கிலேயரைப் பிடித்துக்கொண்டது. பிரெஞ்சுக்காரர் தொடங்கிய வேலையை அவர்களே 1757-ஆம் ஆண்டில் முடித்தார்கள். கோட்டையிலிருந்து சுடும் பீரங்கிக்குத் தடையில்லாத வெட்டவெளி வேண்டும் என்று, எஞ்சியிருந்த பழைய கறுப்பர் பட்டினம் தரைமட்டமாக்கப்பட்டது. வீடுகளோடு பெருமாள் சந்நிதியும் போயிற்று. அவர்கள் அஞ்சியபடியே 1758 டிசம்பரில் லாலி படையுடன் வந்து முற்றுகையிட்டார்; 1759 பிப்ரவரியில் முற்றுகை நீங்கியது.

ஒரு நூற்றாண்டுக்கும் மேலாகத் திருமஞ்சனமும் திருவாராதனமும் நடந்த இடம் வெறும் மைதானமாயிற்று. அந்த வெளியில் யாரும் மீண்டும் கட்டடம் எழுப்பாதபடி எல்லைத் தூண்கள் நடப்பட்டன. 1773-ஆம் ஆண்டைத் தாங்கிய அத்தகைய தூண் ஒன்று, பாரிமுனையில் உள்ள டேர் ஹவுஸ் கட்டட ஓரத்தில் இன்றும் நிற்கிறது. அவ்வழியே பேருந்தில் செல்வோர் பலர் அதனைக் கவனித்திருக்க மாட்டார்கள். 1892-இல் அந்த வெளியின் ஒரு பகுதியில்தான் செந்நிறக் கோபுரங்களுடன் உயர் நீதிமன்றம் திறக்கப்பட்டது. சென்னகேசவர் முதலில் எழுந்தருளியிருந்த பூமி, இன்று நீதிமன்ற வளாகத்துக்குள் அடங்கிவிட்டது.

23,944 சதுர அடி

கோயிலை இழந்த மக்கள் வாளாவிருக்கவில்லை. கம்பெனியாரிடம் முறையிட்டார்கள். இடிக்கப்பட்ட கோயிலுக்கு மாற்றாகப் பெத்தநாயக்கன்பேட்டைப் பக்கம் 23,944 சதுர அடி நிலம் தரப்பட்டது. பழைய கோயிலின் பரப்பு எவ்வளவோ, அவ்வளவே இது. இன்றைய சென்னைக் கணக்கில் ஏறத்தாழ 10 மனை.

இந்த எண்ணைச் சற்று நின்று நோக்கவேண்டும். 'ஏதோ ஓரிடம்' என்றோ 'முடிந்த அளவு' என்றோ அந்த நிலம் தரப்படவில்லை. அடிக்கணக்கில் ஈடு செய்யப்பட்டது. பழைய இடத்துக்கு அளவு இருந்ததால்தான் புதிய இடத்துக்கு அளவு கேட்க முடிந்தது. பக்தர்களின் கண்ணீர் அதிகாரிகளின் மனத்தைத் தொட்டிருக்கலாம். ஆனால் 23,944 என்ற எண்ணைக் கையில் எடுத்துக் கொடுத்தது கண்ணீர் அன்று, அளவு. கடனாக இருந்தாலும் தானமாக இருந்தாலும் எழுத்தில் இருப்பதற்கே ஆயுள் அதிகம் என்பது கணக்கெழுதுவோர் அனைவரும் அறிந்தது. பெருமாளின் சொத்துக்கும் அதே நியாயந்தான்.

கம்பெனி நிலத்தோடு 1,173 வராகனும் கொடுத்தது. கோயில் எழுப்ப அது எம்மாத்திரம்? கவர்னர் பிகட் துரையின் துபாஷியாக இருந்த மணலி முத்துக்கிருஷ்ண முதலியார் முன்னின்று 5,202 வராகன் அளித்தார். ஊராரின் காணிக்கையாக 15,652 வராகன் சேர்ந்தது. தனவந்தர் ஒருவர் தந்ததைப்போல மூன்று மடங்கு பொதுமக்கள் தந்தது என்பதை இந்தக் கணக்கே சொல்கிறது. 1762-இல் தொடங்கிய திருப்பணி 1780-இல் நிறைவெய்தியது. 18 ஆண்டுகள்! தொடக்கத்தில் கல் சுமந்த இளைஞர்கள், கும்பாபிஷேகத்தின்போது நரை கண்டிருப்பார்கள்.

பெருமாள் மட்டும் தனியே எழுந்தருளவில்லை. பக்கத்திலேயே சென்னமல்லீசுவரர் சந்நிதியும் எழுந்தது. ஹரியும் ஹரனும் அருகருகே விளங்கும் இந்த இரட்டைக் கோயிலைப் பழைய சென்னைவாசிகள் 'பட்டணம் கோயில்' என்றே வழங்குவர். பூக்கடைக்கு அருகே தேவராஜ முதலித் தெருவில் இன்றும் அதனைத் தரிசிக்கலாம். 1822-இல் ராவன்ஷா வரைந்த சென்னை வரைபடத்தைப் பிட் துரையின் வரைபடத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், முன்னதில் நெருங்கிய தெருக்களும் கோயிலும் இருந்த இடம், பின்னதில் வெட்டவெளியாகக் கிடப்பதைக் காணலாம். இரண்டு தாள்களுக்கும் இடையே ஒரு கோயிலின் மறைவும் ஒரு சமூகத்தின் வைராக்கியமும் அடங்கியுள்ளன.

கடல் விலகிய கதை

வரைபடங்கள் கோயிலை மட்டுமன்றிக் கடலையும் காட்டுகின்றன. சென்னைக்கு இயற்கைத் துறைமுகம் இல்லை. கப்பல்கள் கரைக்கு எட்டத்தில் நங்கூரமிட்டு நிற்கும். கயிற்றால் தைத்த மசுலாப் படகுகளும் கட்டுமரங்களுமே ஆளையும் சரக்கையும் அலை தாண்டிக் கரை சேர்த்தன. 1870-களில் கருங்கல் சுவர்களைக் கடலுக்குள் நீட்டித் துறைமுகம் கட்டத் தொடங்கினார்கள். 1881-ஆம் ஆண்டுப் புயல் அதனைக் குலைத்துப்போட்டது; மறுபடியும் கட்டினார்கள். அச்சுவர் மணலின் ஓட்டத்தைத் தடுத்ததால் தெற்கே மணல் சேர்ந்து, கோட்டையை விட்டுக் கடல் விலகியது. மெரினாவின் அகன்ற மணற்பரப்பு அவ்வாறு வளர்ந்ததே. பழைய வரைபடத்தைக் காணாதவர்க்கு, கோட்டைச் சுவரருகே அலை மோதியது என்றால் கதையாகவே தோன்றும்.

வரைபடம் இல்லாத காலத்துச் செய்தியைத் திருப்பாடல்கள் தருகின்றன. மயிலைக் கபாலீசுவரரைக் கடலோடு சேர்த்தே திருஞானசம்பந்தரும், பின்னாளில் அருணகிரிநாதரும் பாடினர். இன்றைய கோயிலோ கடலுக்குச் சற்று உள்ளே தள்ளி நிற்கிறது. கோயில் முன்பு சாந்தோம் கரையோரத்தில் இருந்தது என்பது வழிவழி வந்த நம்பிக்கை. சாந்தோம் பகுதியில் கிடைத்த கல்வெட்டுத் துண்டுகள் அதற்குத் துணை நிற்கின்றன. ஆயினும், அந்தப் பழைய கோயிலின் பரப்பு இத்தனை அடி என்று எடுத்துக்காட்ட ஒரு தாள் நம்மிடம் இல்லை. சென்னகேசவருக்கு வாய்த்தது அந்தத் தாள்.

பாலாற்றங்கரைக்கு வந்த அளவுக்கோல்

துறைமுகத்தில் தொடங்கிய அளவு, மெல்ல உள்நாட்டுக்கும் வந்தது. 1734-இல் கவர்னர் ஜார்ஜ் மார்ட்டன் பிட், கூவம் ஆறு வளையும் இடத்தில் நெசவாளருக்கென்றே ஒரு குடியிருப்பை ஏற்படுத்தினார். சின்னத்தறிப்பேட்டை என்ற பெயரே மருவிச் சிந்தாதிரிப்பேட்டை ஆயிற்று. அங்கும் தறிச்சத்தம் கேட்கத் தொடங்கியவுடன் ஆதிகேசவப் பெருமாளுக்கும் ஆதிபுரீசுவரருக்கும் கோயில்கள் எழுந்துவிட்டன.

1763-ஆம் ஆண்டில் ஆற்காட்டு நவாப் முகம்மது அலி வாலாஜா, செங்கற்பட்டுச் சீமையைக் கம்பெனிக்கு ஜாகீராகக் கொடுத்தார். காஞ்சிக்குக் கிழக்கே பாலாற்றின் வடகரையில் உள்ள வாலாஜாபாத் அந்த நவாபின் பட்டப்பெயரைத் தாங்கிய ஊரே. பின்னர் அங்கே கம்பெனிப் படை பாசறை அமைத்துத் தங்கியதுண்டு. ஜாகீர் கைக்கு வந்ததும், என்ன கிடைத்தது என்று அறியக் கம்பெனி விரும்பியது. தாமஸ் பர்னார்ட் என்ற பொறியாளர் 1767 முதல் 1774 வரை ஊர் ஊராக அளந்தார். சுமார் 2,000 கிராமங்கள்! நன்செய், புன்செய், ஏரி, குளம், தோப்பு, வீடுகள், கோயில்கள் என ஒவ்வொன்றும் கணக்கில் ஏறியது. விளைச்சலில் எந்தக் கோயிலுக்கு எவ்வளவு மானியம், குளத்தைக் காப்பவருக்கு எவ்வளவு, வேதம் ஓதுவோருக்கும் கணக்கருக்கும் எவ்வளவு என்ற விவரமும் அதில் உண்டு.

கம்பெனிக்கு வேண்டியது வரி. நமக்குக் கிடைத்ததோ, 250 ஆண்டுகளுக்கு முன் தொண்டைமண்டலத்துக் கிராமங்கள் தங்கள் தெய்வங்களை எவ்வாறு போற்றின என்பதற்கான சாட்சியம். காந்தியச் சிந்தனையாளர் தரம்பால் இந்த ஆவணங்களை ஆராய்ந்து அவற்றின் அருமையை நாட்டுக்கு உணர்த்தினார். அவ்வூர்க் கணக்கர்கள் தமிழில் எழுதிய ஓலைக் கணக்குகள் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் பாதுகாக்கப்படுகின்றன. வரைபடத்தின் கோடுகளுக்குப் பின்னால் நம் ஊர்க் கணக்கப்பிள்ளையின் எழுத்தாணி இருந்தது என்பதை மறத்தலாகாது.

பெருமாள் நடக்கும் எல்லை

காஞ்சிச் சீமை மக்களுக்குத் தாளில் வரையாத வரைபடம் ஒன்றும் உண்டு. அது பொங்கல் திருநாளில் புறப்படுகிறது. காஞ்சி வரதராஜப் பெருமாள் பார்வேட்டைக்காகப் பழையசீவரத்துக்கு எழுந்தருளும் உற்சவம் அது. ஐயம்பேட்டை, முத்தியால்பேட்டை, வாலாஜாபாத் என வழிநெடுகத் தறிகள் நிறைந்த ஊர்களின் மண்டகப்படிகளை ஏற்று, மாட்டுப் பொங்கலன்று பழையசீவரம் குன்றின்மேல் பெருமாள் சேர்கிறார். அங்கிருந்து லட்சுமி நரசிம்மருடன் பாலாற்றைக் கடந்து, பாலாறும் செய்யாறும் வேகவதியும் கலக்கும் திருமுக்கூடலுக்கு எழுந்தருளுகிறார். வீரராஜேந்திர சோழன் காலத்தில் 15 படுக்கைகளுடன் ஆதுலர் சாலை நடந்ததைக் கூறும் கல்வெட்டு இருப்பது அந்தத் திருமுக்கூடல் கோயிலில்தான்.

சென்னைத் துறைமுக வரைபடத்தில் காணும் முத்தியாலுப்பேட்டையின் பெயரை ஒத்த ஊர், வரதர் வரும் வழியிலும் இருப்பதை அன்பர்கள் கவனிக்கலாம். எந்தத் தெரு வழியே பல்லக்கு வரவேண்டும், எந்த மண்டபத்தில் நிற்கவேண்டும், எந்தத் துறையில் ஆற்றில் இறங்கவேண்டும் என்பதை வாலாஜாபாத் பெரியவர்கள் தாள் பார்க்காமலே சொல்வார்கள். ஆண்டுக்கொரு முறை பெருமாளே நடந்து தம் எல்லையை உறுதி செய்கிறார் என்றால் மிகையாகாது. ஆனால் சொல்பவர்கள் முதுமை எய்திவிட்டார்கள். கேட்டு எழுதிக்கொள்வோர் இல்லாவிட்டால், அந்த வரைபடம் ஒரு தலைமுறையில் மங்கிவிடும்.

அன்பர்கள் செய்யக்கூடியது

பழைய வரைபடங்களைக் காண விரும்புவோர், கர்னல் லவ் 1913-இல் வெளியிட்ட பழைய சென்னை வரலாற்றுத் தொகுதிகளில் அவற்றுள் சிலவற்றின் படிகளைக் காணலாம். எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகம் பழைய நில அளவைப் பதிவுகளின் கருவூலம். வரைபடத்தைக் கையில் எடுத்ததும் முதலில் ஆற்றையும் குளத்தையும் தேடவேண்டும். அவை எளிதில் இடம் மாறுவதில்லை. அடுத்து, கோயிலைச் சுற்றிய நான்கு மாடவீதிகளைப் பார்க்கவேண்டும். அவை தெரிந்துவிட்டால், இன்றைய ஊரை அதன்மேல் பொருத்திப் பார்ப்பது கடினமன்று. எழுத்து பொடியாக இருந்தால் பேரப்பிள்ளைகளை அழைத்துப் படிக்கச் சொல்லலாம். அவர்களுக்கும் ஊர் அறிமுகமாகும்.

பிறகு, தத்தம் ஊர்க் கோயிலின் பக்கம் திரும்பவேண்டும். கோயிலுக்குரிய சர்வே எண்கள் எவை, குளத்தின் பரப்பு எவ்வளவு, நந்தவனம் எங்கே இருந்தது, பெயரளவில் மட்டும் நிற்கும் மானிய நிலம் எது என்பவற்றை ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைக்கலாம். அண்மை ஆண்டுகளில் இந்து சமய அறநிலையத் துறை, கோயில் நிலங்களை ரோவர் கருவிகளைக் கொண்டு அளந்து எல்லைக்கல் நட்டு வருகிறது. செயற்கைக்கோள் துணையால் நிலத்தின் மூலை முடுக்கைக் கருவி காட்டிவிடும். ஆனால் இந்த மூலையில் பிள்ளையார் இருந்தார், இந்த மேட்டில் தேர் நின்றது, இந்தக் கிணற்றிலிருந்துதான் திருமஞ்சனத் தீர்த்தம் வந்தது என்று சொல்ல ஊர்ப் பெரியவர்கள்தான் வேண்டும். கருவியும் நினைவும் சேர்ந்தால் கணக்கு முழுமை பெறும்.

சென்னகேசவப் பெருமாள் 23 ஆண்டுக் காலம் தம் கோயிலுக்காகக் காத்திருந்தார். அவருக்கு இடம் கிடைத்தது பக்தியால். அந்த இடம் குறையாமல் கிடைத்தது அளவால். அடுத்த முறை பூக்கடைப் பக்கம் செல்லும் அன்பர்கள், பட்டணம் கோயிலில் பெருமாளையும் மல்லீசுவரரையும் தரிசித்த பின், பாரிமுனைக்குச் சென்று அந்த எல்லைத் தூணையும் ஒருமுறை பார்த்துவரலாம். அங்கிருந்து உயர் நீதிமன்றத்தை நோக்கிக் கைகூப்பினால், வழக்குக்காக வந்தவர் போலும் என்று பிறர் எண்ணக்கூடும். ஆதி சந்நிதி இருந்த திசையை நோக்கிக் கூப்பிய கை அது என்பதைப் பெருமாள் அறிவார்.